பிள்ளையின் வாய்மொழியும் புத்தகத் தமிழும்: வாசகர் கேள்வி, ஆசிரியை பதில்

(31 ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டுமே பாடம் எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடநூலில் இருக்கும் தமிழ் வேறு, இரண்டுக்கும் நடுவில் வாசிக்கப் பழகும் குழந்தை.)

கேள்வி: என் மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். பாடத்தில் ‘மரத்தின் மேல் குருவி இருந்தது’ என்று இருந்தால் ‘மரத்து மேல குருவி இருந்துச்சு’ என்று வாசிக்கிறான். ‘புத்தகத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாகச் சொல்கிறான்’ என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் நாங்களும் இனி எழுத்துத் தமிழிலேயே பேச வேண்டுமா?
– ஒரு தாய்

வேண்டவே வேண்டாம் அம்மா. ‘மகனே, உறங்கச் செல்கிறாயா?’ என்று நீங்கள் கேட்டால், பையன் உங்களுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான்.

அவன் வாசித்ததைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தாளில் இருப்பது ‘இருந்தது’. வாயில் வருவது ‘இருந்துச்சு’. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தச் சின்னத் தலைக்குள் என்னென்ன நடந்திருக்க வேண்டும்? எழுத்துகளைக் கூட்டியிருக்க வேண்டும். கூட்டியது ஒரு சொல் என்று கண்டிருக்க வேண்டும். அந்தச் சொல்லின் பொருள் விளங்கியிருக்க வேண்டும். விளங்கிய பொருளுக்குத் தன் வீட்டில் வழங்கும் சொல் எது என்று தேடி எடுத்திருக்க வேண்டும். குத்துமதிப்பாகச் சொல்லும் பிள்ளை இவ்வளவு வேலை செய்யாது. அது படத்தைப் பார்த்து ‘குருவி பறக்குது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும். உங்கள் மகன் வாசித்திருக்கிறான், புரிந்துகொண்டிருக்கிறான், அதற்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பும் செய்திருக்கிறான்.

குறிப்பேட்டில் அப்படி எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் தகுதியும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டில் நானும் இதையேதான் செய்தேன். ஒரு பையன். ஆள்காட்டி விரலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் நகர்த்தி நகர்த்தி வாசிப்பான். நகத்தில் எப்போதும் கரிக்கோல் கரி. இதே போல் ஒரு வரியில் ‘இருந்துச்சு’ என்றான். ‘இருந்தது’ என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ‘இருந்துச்சு’ என்றான். நான் குரலை உயர்த்தினேன். மூன்றாவது முறை விரல் அந்தச் சொல்லின் நடுவிலேயே நின்றுவிட்டது. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கு முன்பும் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினான். ‘குருவி’ என்று சரியாகச் சொல்லத் தெரிந்த சொல்லுக்கும் என் முகத்தில் அனுமதி தேடினான். அரையாண்டுத் தேர்வு வரை அவன் வாசித்தது புத்தகத்தையா, என் புருவத்தையா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் ‘கண்’, வலப்பக்கம் ‘வாய்’. குழந்தை ‘குருவி’யைக் ‘குதிரை’ என்று வாசித்தால் அது கண் பக்கம் போகும்; பொருள் கெட்டுவிட்டது, அங்கே கற்பிக்க வேண்டியது இருக்கிறது. ‘வீட்டில்’ என்பதை ‘வீட்டுல’ என்றால் வாய்ப் பக்கம். பொருள் முழுசாக இருக்கிறது. ஒரு மாதம் எழுதினேன். எந்தப் பிள்ளைகளை ‘மந்தம்’ என்று பின்வரிசையில் உட்கார வைத்திருந்தேனோ, அவர்களில் சிலருடைய பக்கங்களில் கண் பக்கம் கிட்டத்தட்ட காலி. வாய்ப் பக்கம் நிரம்பி வழிந்தது. அன்றைக்கே வரிசையை மாற்றினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது: வரி முடியும்வரை குறுக்கிடாதீர்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ‘குருவி எங்க இருந்துச்சு?’ என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் வாசிப்பு நடந்துவிட்டது. பிறகு அந்த வரியை நீங்கள் ஒருமுறை புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டி, ‘நாம சொல்றதுக்கும் புத்தகம் சொல்றதுக்கும் எந்த இடத்துல வித்தியாசம்?’ என்று கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடமோ புத்தகத்திடமோ வித்தியாசம் கண்டுபிடிப்பது என்றால் கொள்ளை ஆசை. என் வகுப்புகளில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் தாங்களாகவே புத்தகத்தின் வடிவத்துக்கு மாறிவிட்டார்கள். குறிப்பேட்டுக்குப் பதில் எழுதும்போது சண்டை வேண்டாம். ‘பொருள் கேட்டேன், சரியாகச் சொன்னான்’ என்று ஒரு வரி போதும்.

கேள்வி: கொச்சையைத் திருத்தாமல் விட்டால் அடுத்த தலைமுறை பிழையில்லாமல் ஒரு வரி எழுதாது. குழந்தைகளின் பேச்சுத் தமிழுக்கு நீங்கள் வக்காலத்து வாங்குவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எங்கள் காலத்தில் பிரம்பும் இருந்தது, தமிழும் இருந்தது. உங்களைத் திருத்த முயற்சிக்கிறேன்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

வணக்கம் ஐயா. பிரம்பு இருந்தது உண்மை. அந்தப் பிரம்பைத் தாண்டித் தமிழ் கற்றவர்கள்தான் இன்றைக்குப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உங்களுக்கும் எழுதவில்லை, எனக்கும் எழுதவில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு வேறாக வரும்.

நீங்கள் கொச்சை என்று சொல்வதற்குத் தொல்காப்பியத்தில் இன்னும் மரியாதையான பெயர் உண்டு. சொல்லதிகாரத்து எச்சவியல், செய்யுள் செய்வதற்கு உரிய சொற்களை நான்காகப் பிரிக்கிறது: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களிலும் அவரவர் குறிப்பில் வழங்குவது திசைச்சொல். செய்யுளுக்கே ஆகும் என்று உள்ளே அழைத்த சொல்லை நாம் ஒன்றாம் வகுப்பு வாசலில் நிறுத்தி வைக்கிறோம்.

இது தமிழுக்கு மட்டும் வந்த சங்கடம் என்றும் நினைக்க வேண்டாம். எழுத ஒரு வடிவம், பேச ஒரு வடிவம் என்று ஒரே மொழி இரண்டாக நிற்கும் நிலையை, 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரையில் விவரித்தார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹெய்ட்டியின் மொழி ஆகிய நான்கும் அவர் விரிவாக எடுத்துக்கொண்டவை. தமிழும் இந்த வரையறைக்கு அப்படியே பொருந்துகிறது என்று அதே கட்டுரையில் எழுதினார். நாம் ‘இரட்டை வழக்கு’ என்கிறோம். கிரேக்கர்கள் நெடுங்காலம் சண்டை போட்டுவிட்டு 1976இல் மக்கள் பேசும் வடிவத்தையே பள்ளிக்கும் அரசுக்கும் உரியதாக்கிவிட்டார்கள். நார்வேயின் நாடாளுமன்றம் 1878லேயே, தொடக்கப் பள்ளியில் இயன்றவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சு மொழியில் பாடம் நடக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஸ்வீடனின் வடக்கே ஒரு வட்டாரத்தில் நடந்த சோதனையின் முடிவு 1961இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வட்டார வழக்கிலேயே வாசிப்பைத் தொடங்கிப் பிறகு பொது ஸ்வீடிஷுக்கு மாற்றினார்கள். இன்னொரு குழுவுக்கு முதல் நாளிலிருந்தே பொது மொழிதான். கடைசியில் பொது மொழியை விரைவாகவும் விளங்கியும் வாசித்தது முதல் குழு.

நம் பாடநூல்களை வட்டார வழக்கில் அச்சிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்துத் தமிழை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும் என்பதில் உங்களைவிட நான் பிடிவாதக்காரி. எதை, எந்த நேரத்தில் திருத்துவது என்பதில்தான் நமக்குள் வழக்கு.

பின்குறிப்பு: ‘முயற்சிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இலக்கணக்காரர்கள் ‘முயல்கிறேன்’ என்பார்கள். பொருள் விளங்கிவிட்டதால் நான் சிவப்பு மையை எடுக்கவில்லை.

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான், பணிக்குப் புதிது. என் பிள்ளைகள் ஓரளவு நன்றாகவே வாசிக்கிறார்கள். சொல்வதெழுதுதல் வைத்தால் ‘மழை’ ‘மளை’யாகிறது, ‘இலை’ ‘எலை’யாகிறது. உச்சரிப்பைத் திருத்தினால் எழுத்து திருந்திவிடுமா?

கண்ணு, முதலில் ஒரு காரியம் செய். கைபேசியில் ‘மழை பெய்தது, பள்ளம் நிறைந்தது’ என்று இயல்பாகச் சொல்லிப் பதிவுசெய்து கேள். உன் வாயிலேயே ழகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் வருகிறது என்றால், பிள்ளைகள் நீ சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் முதன்முதலில் என் குரலைக் கேட்டபோது இரண்டு நாள் யாருக்கும் சொல்வதெழுதுதல் வைக்கவில்லை.

நீ சொல்லும் இரண்டு பிழைகளும் ஒரே இனம் இல்லை. தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

‘மளை’யில் நடப்பது இது: எழுத்து இரண்டு, ஓசை ஒன்று. வாசிக்கும்போது இதனால் பெரிய நட்டம் இல்லை. குழந்தை ‘ழ’வைப் பார்த்து ‘ள’ என்கிறது. ‘மளை’ என்று வேறு சொல் கிடையாது. பொருள் வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் உன் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். எழுதும்போது வழி தலைகீழாகிறது. காது ஓர் ஓசையைத்தான் கொடுக்கிறது, கை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘நன்றாகக் கேட்டு எழுது’ என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் இல்லாததை எப்படிக் கேட்பது? அரபு பேசும் குழந்தைகளிடம் எலினோர் சயே-ஹடாட் செய்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன: வீட்டு வழக்கில் இல்லாத ஓசையைச் சொல்லிலிருந்து பிரித்தெடுப்பது பிள்ளைகளுக்குக் கூடுதல் கடினம்.

நாம் பெரியவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறோம் என்று யோசித்துப் பார். ‘நான்’ என்ற சொல்லில் முதலில் ‘ந’, கடைசியில் ‘ன்’. நம்மில் பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒரே ஓசைதான். யாராவது காதால் கேட்டா எழுதுகிறோம்? சொல்லின் தொடக்கத்திலும் ‘த’வுக்கு முன்னாலும் ‘ந’ வரும் என்று கண் பழகிவிட்டது. ‘கரை’, ‘கறை’ இரண்டையும் ஒன்றாகவே உச்சரிப்பவர்கள்கூடச் சட்டையில் பட்டதைக் ‘கறை’ என்றுதான் எழுதுகிறார்கள். கண் கற்றுக்கொள்ளும். அதற்குச் சொற்களைக் குடும்பமாகக் காட்ட வேண்டும்: மழை, மழைநீர், மழைக்காலம், மழைத்துளி. ஒரு வாரம் கரும்பலகையின் ஓரத்தில் அழிக்காமல் விட்டுவை. கிளி–கிழி, வாள்–வாழ், ஒளி–ஒழி போன்ற இணைகளை முதல் நாளே ஒன்றாக நிறுத்தாதே. ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைக் கொண்டுவா. நாக்கை மடித்து ழகரப் பயிற்சியும் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு பாடவேளை. சொல்வதெழுதுதல் மதிப்பெண்ணோடு அதைக் கட்டாதே.

‘எலை’ கதை வேறு. இங்கே ஓசையே மாறுகிறது, அதுவும் ஒரு விதிப்படி மாறுகிறது. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்து வரும் ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ சேர்ந்திருந்தால், பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இலை–எலை, இடம்–எடம், விலை–வெலை, குடை–கொடை, உலகம்–ஒலகம், முதலை–மொதலை. ‘இடி’யை யாரும் ‘எடி’ என்பதில்லை, ‘குளிர்’ ‘கொளிர்’ ஆவதில்லை. படிக்காதவர் வாயிலும் இந்த விதி வழுவாது. தலைமையாசிரியர் ஐயா கொச்சை என்றாரே, அதன் இலக்கணம் இது.

இப்போது உன் வகுப்புச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பார். இ என்றால் இலைப் படம், உ என்றால் உரல் படம் போட்டிருக்கிறதா? எனக்குக் கண் திறந்தது அங்கேதான். ஒரு சிறுமியிடம் இலைப் படத்தைக் காட்டி, ‘இதோட பேருல முதல் சத்தம் என்ன?’ என்று கேட்டேன். ‘எ’ என்றாள். தப்பு என்றேன். அவள் உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் ‘எ’ என்றாள், இந்தத் தடவை அழுகைக்கு அருகில். அவள் காது மிகத் துல்லியமாக வேலை செய்திருந்தது. அவள் வாயில் அது ‘எலை’, அதன் முதல் ஓசை எகரம்தான். ஓசையையும் எழுத்தையும் இணைக்கக் கற்கும் முதல் வாரத்திலேயே, இணையாத ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு அவள் காதை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

அட்டையைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். இகரத்துக்கு இடுப்பு, உகரத்துக்கு உச்சி. படமே வேண்டாம், தொட்டுக் காட்டினால் போதும். நாற்பது பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து ‘இ’ என்பார்கள், உச்சந்தலையில் கை வைத்து ‘உ’ என்பார்கள். எழுத்துகள் எல்லாம் பழகி, இரண்டாம் பருவம் வந்த பிறகு இலையைக் கொண்டுவந்தேன்: ‘நாம எலைன்னு சொல்றோம், புத்தகம் இலைன்னு எழுதும்.’ அதே சிறுமிதான் குடையையும் முதலையையும் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

சொல்லின் கடைசியையும் கவனி. ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டும் பேச்சில் முழு மெய்யோடு முடிவதில்லை. ‘ன்’ மூக்கோடு நின்றுவிடும், ‘ள்’ காணாமலே போய்விடும். அந்த மெய்களை விட்டுவிட்டு எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று சொல்லாதே.

கேள்வி: ‘கீழ்க்காண்பனவற்றுள் பொருந்தாதது யாது?’ என்று வினாத்தாளில் வருகிறது. என் மகளுக்குப் பதில் தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை.

எனக்கும் ஏழு வயதில் புரிந்திருக்காது. ‘இவற்றில் சேராதது எது?’ என்று கேட்டால் தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதுவும் எழுத்துத் தமிழ்தான். எழுத்துத் தமிழ் என்றாலே கரடுமுரடாக இருக்க வேண்டும் என்று வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு யார் சொன்னார்களோ. அதுவரை வாரம் ஒரு வினாச்சொல்லை வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள்.

கேள்வி: வேலை மாற்றத்தால் நாங்கள் வேறு பகுதிக்கு வந்துவிட்டோம். மகள் நான்காம் வகுப்பு. அவள் பேச்சைக் கேட்டு வகுப்பில் சிரிக்கிறார்கள். வீட்டில் கதைப் புத்தகங்களை மளமளவென்று படிக்கிறாள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாய் திறப்பதில்லை. வாசிப்பில் பின்தங்கியவள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.
– ஒரு தந்தை

தம்பி, அவள் வாசிப்பில் பின்தங்கவில்லை. வாய் திறந்தால் தான் எந்தப் பகுதியைச் சேர்ந்தவள் என்று தெரிந்துவிடும் என்பதால் மூடிக்கொண்டிருக்கிறாள். வாசிப்பை அளக்கப்போய் அவளுடைய தைரியத்தை அளந்திருக்கிறார்கள்.

வகுப்பாசிரியரைப் பாருங்கள். கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், ஒரு தோழியோடு சேர்ந்து இரண்டு குரலில் வாசிக்கட்டும் என்று கேளுங்கள். படித்தது புரிந்ததா என்று எழுத்தில் கேட்கட்டும். வீட்டில் அவள் வாசிப்பதைப் பதிவுசெய்து ஆசிரியருக்குக் கேட்கக் கொடுக்கலாம், அவள் சம்மதித்தால் மட்டும்.

சிரிப்பை நிறுத்துவது ஆசிரியர் கையில் இருக்கிறது. உபதேசத்தால் நிற்காது. நான் செய்தது இதுதான்: கரும்பலகை நடுவில் ‘அவர்கள்’ என்று எழுதி வட்டம் போடுவேன். ‘உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்வீங்க?’ ஒவ்வொருவராக வந்து சுற்றிலும் எழுத வேண்டும். அவங்க, அவுங்க, அவிய, அவையள். ஒருமுறை ஒரு பையன் தன் பாட்டி சொல்வது ஒன்று, அம்மா சொல்வது வேறு என்று இரண்டு இடம் பிடித்துக்கொண்டான். கடைசியில், ‘நடுவில் இருக்கிறதை யார் வீட்டுலயாவது சொல்றீங்களா?’ என்று கேட்பேன். ஒரு கையும் தூக்கப்படாது. புத்தகத் தமிழ் யாருடைய வீட்டுத் தமிழும் இல்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். எல்லாரும் வேறு வேறு வீதியிலிருந்து அங்கே நடந்துதான் வர வேண்டியிருக்கிறது. புத்தகங்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு நடை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

நார்வேயில் மாணவர்கள் எந்தப் பேச்சு வடிவில் பேசுவது என்பதை அவர்களே முடிவுசெய்யலாம் என்று கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆசிரியர் பிள்ளைகளின் சொற்களையும் பேசும் முறையையும் மதிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை ஒரு கரும்பலகை போதும்.

கேள்வி: அக்காள் மகனுக்கு எட்டு வயது. ‘வட்டார வழக்கால் வரும் சிக்கல், போகப் போகச் சரியாகும்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘கற்றல் குறைபாடு’ என்கிறார் இன்னொருவர். எப்படி அறிவது?

இந்தக் கேள்விக்கு மட்டும் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு.

வழக்கால் வரும் மாற்றம் ஒழுங்காக இருக்கும். ‘இருந்தது’ எத்தனை முறை வந்தாலும் ‘இருந்துச்சு’ என்றே வாசிப்பான். பேசும்போதும் அப்படியே பேசுவான். பொருள் கேட்டால் சொல்வான். வாசிப்புக் குறைபாட்டில் ஒழுங்கு குலைந்திருக்கும். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக வாசிப்பான், தெரிந்த எழுத்துக்கே தடுமாறுவான், ஒரு வரி முடிவதற்குள் களைத்துவிடுவான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பொருளே இல்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள்: ‘பிதுகா’, ‘தமோலி’, ‘சுணுபி’. இவற்றை எந்த வட்டாரத்திலும் யாரும் பேசுவதில்லை; வீட்டு வழக்கு குறுக்கே வர வழியில்லை. மெதுவாகவாவது கூட்டி வாசித்துவிட்டால் எழுத்து அவன் பிடியில் இருக்கிறது. திரும்பத் திரும்பத் தடுமாறினால், ‘போகப் போகச் சரியாகும்’ என்று இன்னோர் ஆண்டை விட வேண்டாம். கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, தகுதியுள்ள நிபுணரிடம் காட்டுங்கள். நான் சொன்னது வழிகாட்டிப் பலகைதான், மருத்துவ முடிவு கிடையாது.

மறுபக்க ஆபத்துக்கு ஒரு வழக்கு சாட்சி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், கறுப்பினக் குழந்தைகள் 11 பேருக்காக அவர்கள் குடும்பங்கள் நீதிமன்றம் போயின. வீட்டில் பேசும் ஆங்கிலம் பள்ளி ஆங்கிலத்திலிருந்து வேறுபட்டது. பள்ளி அதைக் கணக்கில் எடுக்காமல் பிள்ளைகளில் சிலரைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று வகைப்படுத்தியிருந்தது. 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகளின் மொழியே தடை என்று அவர் சொல்லவில்லை. அந்த மொழியைப் பற்றி ஆசிரியர்கள் தங்களையும் அறியாமல் வைத்திருந்த எண்ணம் வாசிக்கக் கற்பதற்குத் தடையாகிறது என்றார். ஆசிரியர்கள் வீட்டு மொழியை அடையாளம் கண்டு, அந்த அறிவைப் பயன்படுத்தி வாசிப்பைக் கற்பிக்க 30 நாளில் திட்டம் கொடுக்கும்படி பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்திக்குக் கதை சொல்கிறேன். எந்தத் தமிழில் சொல்வது?
– ஒரு பாட்டி

சொல்லும் கதையை உங்கள் வாய்த் தமிழில் சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம். வாசித்துக் காட்டும் கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். பேத்திக்குப் புரியாதே என்று வரிக்கு வரி பேச்சுக்கு மாற்றிவிடாதீர்கள். படத்தைக் காட்டுங்கள், புரியாத இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள், மறுபடி புத்தகத்துக்கே திரும்புங்கள். அரபுக் குழந்தைகளைப் பற்றி 1993இல் ஓர் ஆய்வு வந்தது. பள்ளி சேரும் முன்பே பல மாதங்கள் நாள்தோறும் இலக்கிய அரபில் கதை வாசிக்கக் கேட்ட பிள்ளைகள், கேட்காதவர்களைவிட அந்த மொழியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். உங்கள் பேத்திக்கும் ‘இருந்தது’ என்ற சொல் எழுத்தாக முன்னால் வரும்போது, பாட்டி குரலில் கேட்ட பழைய சொல்லாக வரட்டும்.

கேள்வி: குடையைக் கொடை என்று சொன்னால் எங்கள் டீச்சர் ஒதட்டைக் கடிக்கிறார். ஆனால் மழை வந்தபோது அவரே கொடை எங்கே என்று கேட்டார். எது சரி?
– நான்காம் வகுப்பு மாணவன் (எழுதியபடியே வெளியிடுகிறோம்)

நீயும் சரி, டீச்சரும் சரி கண்ணா. மழையில் ஓடும்போது கொடை என்று கேட்கலாம். கொடுப்பவர்கள் சரியான பொருளைத்தான் கொடுப்பார்கள். தாளில் எழுதும்போது குடை என்று எழுது. ஏன் தெரியுமா? புத்தகத்தில் கொடை என்றால் ஒருவர் மனமுவந்து கொடுப்பது. ‘டீச்சர் கொடை கேட்டார்’ என்று நீ எழுதினால், படிப்பவர்கள் அவர் நன்கொடை வசூலிக்கக் கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உன் கடிதத்தில் இன்னொரு சொல்லும் வாயிலிருந்து நேராகத் தாளுக்கு வந்துவிட்டது. எது என்று நான் சொல்ல மாட்டேன். விதி இதே பக்கத்தில் மூன்றாவது பதிலில் இருக்கிறது. நீயே கண்டுபிடித்து எழுது. உன் பெயரை எடுத்துவிட்டேன், டீச்சருக்குத் தெரியாது.